எபிரேய வேதாகமத்தில் 'கை': புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பழைய ஏற்பாட்டை எபிரேயத்தில் தொட்டவுடனே எதிர்ப்படும் சொற்களில் ஒன்று 'யாத்'. கை என்று பொருள். சுமார் 1600 முறை வருகிறது, ஆனால் பல இடங்களில் அது உடம்பிலுள்ள கையே இல்லை. எபிரேயம் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். தமிழ் வேதாகமமும், வசனத்தின் மூலச் சொல்லைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியும் இருந்தால் போதும்.

படி 1: எந்தக் கை என்று பாருங்கள்

மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 'யாத்' பொதுவான கை. பலமும் அதிகாரமும் பெரும்பாலும் இதில் பேசப்படும். 'காஃப்' உள்ளங்கை. "என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" (ஏசாயா 49:16) என்பதில் வருவது இதுவே. 'யாமீன்' வலது கை, மரியாதைக்குரிய பக்கம்.

படி 2: யாருடைய கை என்று கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 'யாத் ராமா' என்றால் உயர்ந்த கை. யாத்திராகமம் 14:8இல் இஸ்ரவேலர் எகிப்தை விட்டு உயர்ந்த கையோடு புறப்படுகிறார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் தலை நிமிர்ந்து போகிறார்கள். அதே சொற்கள் எண்ணாகமம் 15:30இல் வரும்போது, தெரிந்தே கடவுளை எதிர்த்துப் பாவம் செய்பவனைக் குறிக்கின்றன. தமிழ் வேதாகமம் அங்கே 'துணிகரமாய்' என்கிறது. நம் பேச்சிலும் 'அவர் கை ஓங்கியிருக்கிறது' என்பது ஒன்று, 'அப்பா மேலேயே கை ஓங்கினான்' என்பது வேறு அல்லவா? எனவே, யார் கை, யாருக்கு எதிராக என்று பார்க்காமல் அகராதிப் பொருளை மட்டும் எடுத்து வைத்தால் வசனம் தலைகீழாகிவிடும்.

படி 3: கூட வரும் வினைச்சொல்லைப் பிடியுங்கள்

கையை உயர்த்தினால் சில இடங்களில் சத்தியம் (ஆதியாகமம் 14:22). கையை வைத்தால் பொறுப்பை ஒப்படைப்பதாகவும் இருக்கலாம். மோசே யோசுவாவின்மேல் கை வைப்பது அப்படி (எண்ணாகமம் 27). எனக்கு மிகவும் பிடித்தது 'கையை நிரப்புதல்'. ஆசாரியனாக ஏற்படுத்துவதற்கு எபிரேயம் சொல்லும் முறை இது. லேவியராகமம் 8இல் ஆரோனுடைய உள்ளங்கைகளிலும் அவன் குமாரருடைய உள்ளங்கைகளிலும் மோசே காணிக்கையை வைக்கிறான். அதே அதிகாரம் 33ஆம் வசனத்தில் 'கையை நிரப்புதல்' வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

படி 4: கை பொருந்தாத இடத்தில் நினைவுச்சின்னத்தைத் தேடுங்கள்

சவுல் கர்மேலில் தனக்கு நாட்டியது ஒரு 'யாத்' (1 சாமுவேல் 15:12). மகன் இல்லாத அப்சலோம் தன் பெயருக்காக நிறுத்திய தூணுக்கும் 'யாத்' என்றே பெயர் (2 சாமுவேல் 18:18). ஏசாயா 56:5இல் பிள்ளையில்லாத அண்ணகர்களுக்குக் கடவுள் வாக்களிப்பது 'யாத் வாஷேம்', அதாவது ஒரு நினைவுச்சின்னமும் பெயரும். நாஜிகள் கொன்ற யூதர்களுக்காக 1953இல் எருசலேமில் நிறுவப்பட்ட நினைவகத்தின் பெயர் இந்த வசனத்திலிருந்து வந்தது.

இப்போது நீங்களே

ஆதியாகமம் 48:13-19ஐ எடுத்துக்கொண்டு யாத், யாமீன் இரண்டையும் வேறுவேறு நிறத்தில் குறியுங்கள். யோசேப்பு ஏன் தகப்பனுடைய கையைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான் என்பது புரியும். அப்புறம் நியாயாதிபதிகள் 3:15. ஏகூத் பென்யமீன் கோத்திரத்தான். அந்தப் பெயருக்குள்ளேயே யாமீன் இருக்கிறது. அவனை எபிரேயம் 'வலது கை கட்டுண்டவன்' என்கிறது. எந்தத் தொடையில் வாளைக் கட்டினான் என்று 16ஆம் வசனத்தில் பாருங்கள்.