திஜோனில் படிக்கிறவர்களுக்கு: ஒரே சனிக்கிழமையில் போன் ஊர்ச் சந்தையும் திராட்சைத் தோட்டமும்

பிரான்சின் பூர்கோஞ் (பர்கண்டி) பகுதிக்குப் படிக்க வந்தவர்களுக்கு இது. திஜோனிலிருந்து போன் (Beaune) ஊருக்கு ரயிலில் 20 முதல் 30 நிமிடம். டிக்கெட் எடுப்பது, சைக்கிளை ரயிலில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம். ஒயின் ருசி பார்க்க வயது 18 நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

படி 1: நாள் குறிப்பது

போனில் பெரிய சந்தை கூடுவது சனிக்கிழமை காலை. புதன்கிழமையும் உண்டு, ஆனால் சின்னது. ஞாயிறு போனால் சந்தையும் இருக்காது, பெரும்பாலான ஒயின்காரர் வீட்டுக் கதவும் திறக்காது, ரயிலும் குறைவு. செப்டம்பரில் அறுவடை, பேசக்கூட ஆள் கிடைக்காது. நவம்பர் மூன்றாவது ஞாயிறு ஒஸ்பீஸ் (பழைய தரும ஆஸ்பத்திரி) ஒயின் ஏலம் நடக்கும், அந்த வாரக் கடைசியில் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. மே, ஜூன், அக்டோபர்தான் நல்ல மாதங்கள்.

படி 2: முன்கூட்டியே நேரம் வாங்குவது

பலர் சறுக்குவது இங்கேதான். பூர்கோஞ்சில் ஒயின் செய்யும் திராட்சைத் தோட்டக்காரர் வீடு என்பது கடை அல்ல. கணவன், மனைவி, ஒரு வேலையாள், சில ஹெக்டேர் நிலம், அவ்வளவுதான். வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதற்காக மணி அடித்தால் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். நான்கு வரி போதும்: எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணி, பிரெஞ்சு வருமா வராதா. "மாணவர்கள், இரண்டு பாட்டில் வாங்கும் எண்ணம் உண்டு" என்று சேர்த்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். காலை 10, பிற்பகல் 2:30 போன்ற நேரம் கேளுங்கள். 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம். அதைத் தொடவே கூடாது.

பெரிய பெயர்களைத் துரத்த வேண்டாம். அவர்களுடைய சரக்கு ஏற்கெனவே விற்றுப்போயிருக்கும். மலைமேல் இருக்கும் ஒத்-கோத் பகுதிக்காரர்களும் கூட்டுறவு நிலையங்களும் மாணவர்களுக்கு ஏற்ற இடம். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 3: சந்தை

9 மணிக்குள் போங்கள். 12:30க்கு மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கடைக்காரரிடம் முதல் வார்த்தை "போன்ஜூர்", அதாவது வணக்கம். அது இல்லாமல் விலை கேட்டால் காது கேட்காதது போல இருப்பார். காய், பழத்தை நீங்களே பொறுக்கக் கூடாது, கை காட்டினால் அவர் எடுத்துத் தருவார். முலாம்பழம் கேட்டால் "எப்போ சாப்பிட?" என்பார். இன்றைக்கா நாளைக்கா என்று சொன்னால் அதற்கேற்ற பதத்தில் பழுத்ததைத் தருவார், நம்பி வாங்கலாம்.

இருவருக்கு மதியச் சாப்பாடு: ஒரு பகெத் (நீள ரொட்டி), 150 கிராம் காம்தே சீஸ், இரண்டு தக்காளி. 18 மாதம் பழுத்த காம்தே கேளுங்கள், வெயிலில் உருகாது. எப்வாஸ் சீஸ் ருசிதான், ஆனால் மதியம் முழுக்கப் பையில் வைத்துச் சுற்றினால் மாலை ரயில் பெட்டியில் உங்களைச் சுற்றி இடம் காலியாகும். அதைத் திஜோன் மூடுசந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலையில் திறந்திருக்கும். சைவர்கள் கவனிக்க: காம்தே, எப்வாஸ் இரண்டிலும் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பைச் சாறு.

கடுகு வாங்கும்போது "திஜோன் கடுகு" என்று இருந்தால் மயங்காதீர்கள். அது செய்முறையின் பெயர். எந்த ஊரிலும் செய்யலாம். "மூத்தார்த் த பூர்கோஞ்" என்று போட்டிருந்தால்தான் கடுகும் வெள்ளை ஒயினும் இந்த மண்ணுடையவை.

படி 4: சைக்கிள்

போன் நகரின் பூசேஸ் பூங்காவிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாந்தனே ஊர் வரை சுமார் 22 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது. முழுதும் வேண்டாம், வழியில் உள்ள போமார், வோல்னே, மெர்சோ ஊர்கள் வரை போய்த் திரும்பினால் போதும். கைபேசி வரைபடம் சில சமயம் கார் சாலையில் இறக்கிவிடும். பாதையோரப் பச்சைப் பலகைகளை நம்புங்கள். முதுகுப்பை வேண்டாம், பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைதான் சரி. ஒரு பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ வரும். பூர்கோஞ் பாட்டில் அடி அகலம், தண்ணீர் பாட்டில் கூண்டில் நுழையாது. பக்கத்துக்கு இரண்டு, துண்டில் சுற்றி வையுங்கள்.

திராட்சைக்கொடி வரிசைக்குள் இறங்கி நடக்காதீர்கள், பழத்தையும் பறிக்காதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் சொந்தக்காரர் உண்டு.

படி 5: ருசி பார்ப்பது

ஒரு தடவை ஊற்றுவது சுமார் 5 சென்டிலிட்டர். ஆறு ஒயின் தந்து, ஆறையும் விழுங்கினால் 30 சென்டிலிட்டர், அதாவது மூன்று கிளாஸ். பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். அதனால் துப்புங்கள். அதற்கென்றே வைத்த பாத்திரத்தின் பெயர் கிராஷ்வார். துப்புவதை யாரும் அவமரியாதையாக நினைக்கமாட்டார்கள், தொழில் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள். அன்று சென்ட் பூசாதீர்கள். இங்கே சிவப்பை முதலில் தந்து வெள்ளையைக் கடைசியில் தரும் வழக்கம் உண்டு. ஏதோ தப்பு நடக்கிறது என்று பதற வேண்டாம்.

படி 6: லேபிள்

வெறும் "பூர்கோஞ்" என்றால் வட்டார ஒயின், அதற்கு மேல் ஊர்ப்பெயர், அதற்கு மேல் ப்ரெமியே க்ரூ (தேர்ந்த தோட்டம்), உச்சியில் க்ரான் க்ரூ (மிக உயர்ந்த தோட்டம்). சிக்கல் எங்கே என்றால், திஜோன், போன் பக்கத்து க்ரான் க்ரூ லேபிளில் ஊர்ப்பெயர் வராது. "ஷாம்பெர்தான்" என்பது க்ரான் க்ரூ. "ஜெவ்ரே-ஷாம்பெர்தான்" என்பது ஊர் ஒயின். 1847இல் ஜெவ்ரே ஊர்க்காரர்கள் தங்கள் பேர்போன தோட்டத்தின் பெயரை ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள், குழப்பம் அன்று முதல். நீளமான பெயரைப் பார்த்து உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். போமார், வோல்னே, மெர்சோ மூன்றிலும் க்ரான் க்ரூ கிடையாது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நகர்ந்துவிடுங்கள். மாணவர் கைக்கு அடங்குவது "பூர்கோஞ் அலிகோத்தே". வெள்ளை, கொஞ்சம் புளிப்பு, காரமான சாப்பாட்டுக்குச் சேரும்.

ருசி பார்க்கக் காசு வாங்காத இடத்தில் ஒரு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. கட்டணம் வாங்கினால் அந்தக் கடன் இல்லை.

பின்சேர்க்கை: ஊருக்கு எடுத்துப்போவது பற்றி. இந்தியாவுக்குள் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் வரை, ஆக 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. கைப்பையில் விடமாட்டார்கள், பதிவு செய்யும் பெட்டியில்தான் போக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் படுக்க வையுங்கள்.