மேனுவலில் வீடியோ எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றியவுடன் பலரும் செய்யும் முதல் தவறு, வெயில் ஏற ஏற ஷட்டர் வேகத்தைக் கூட்டி, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தை ரத வீதியில் நின்று நண்பகலில் எடுப்பவர் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/4 என்று வைத்திருந்தால், காட்சி வெளிறிவிடாமல் இருக்க ஷட்டரை ஏறத்தாழ 1/1600 நொடி வரை கொண்டுபோக நேரிடும். புகைப்படத்துக்கு அது பொருந்தும். வீடியோவிலோ வடம் இழுக்கும் கைகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் (வீடியோவின் தனித்தனிப் படம்) துளி மங்கலும் இன்றி உறைந்து நிற்பதால், ஓட்டிப் பார்க்கையில் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் 1/50 ஷட்டரே கண்ணுக்கு இயல்பான அசைவைத் தரும். மிஞ்சும் 5 ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு; ஐந்து சேர்ந்தால் 32 மடங்கு) லென்ஸின் முன் என்டி 32 என்ற கருங்கண்ணாடி ஃபில்டரைப் பொருத்திக் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செல்போன்களில் அபெர்ச்சரை மாற்றவே முடியாது என்பதால், அவற்றுக்கு இந்த ஃபில்டர் இன்னும் அவசியம்.

இரவில் நடக்கும் ஊர்க் கொடை விழாவில் சிக்கல் வேறு வகையானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், சோக் வைத்த பழைய டியூப்லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/60 ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாததால், வில்லுப்பாட்டுக் குழுவின் மேல் கருப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும்; பிறகு எடிட்டிங்கில் அவற்றை நீக்குவது பெரும்பாடு. 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டைகள் மறையும். இவற்றுள் 1/50-ஐயே நான் பரிந்துரைப்பேன்: வெளிச்சமும் இரு மடங்கு கிடைக்கும், வில்லில் விழும் வீசுகோலின் வீச்சும் உயிரோடு தெரியும். சீரியல் விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும் என்பதால், பாட்டு தொடங்குமுன் திரையில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

வொயிட் பேலன்ஸை (விளக்கொளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடுவதும் தவறே. தீப்பந்தம் ஃபிரேமுக்குள் வந்து போகும்போதெல்லாம் முகங்களின் நிறம் மாறும். முகத்தில் விழும் டியூப்லைட்டுக்கு ஏற்ப 6000 கெல்வின் அளவில் நிறுத்திவிட்டால், பந்தத்தின் தீ செம்மஞ்சளாகவே நிற்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓவைக் கூட்ட அஞ்சி இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் வெளுப்பாக்கினால், படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் அதிகமாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் மேனுவலில் வைத்ததாக நினைத்து ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்காமல் விடுபவர்கள் பலர். வெள்ளை வேட்டி கட்டிய சாமியாடி கேமராவின் அருகே வந்ததும் படம் முழுவதும் இருண்டு, அவர் விலகியதும் மீண்டும் வெளுக்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு பொத்தானைத்தான்.