மூன்று வார லீவில் அப்பா அம்மாவுக்கு ஒரு இல்லம் பார்ப்பது எப்படி

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டவர்கள் 'நர்சிங் ஹோம், திருச்சி' என்று கூகுளில் தேடுகிறார்கள். வருவதெல்லாம் பிரசவமும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனும் பார்க்கிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகள். தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் ரொம்ப காலமாக அதுதான். நீங்கள் தேடுகிற இடத்துக்கு இங்கே பல பெயர்கள்: முதியோர் இல்லம், சீனியர் கேர், அசிஸ்டட் லிவிங், ரிடையர்மென்ட் ஹோம். போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும், 'படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?' என்று முதல் போன் காலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி இடங்கள் அந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். மீதிப் பாதியைப் பார்க்கத்தான் உங்களுக்கு லீவு வேண்டும்.

கோயம்புத்தூரைச் சுற்றி, காஞ்சிபுரம் பக்கம், ஸ்ரீரங்கத்தில், கும்பகோணத்தில் எல்லாம் ரிடையர்மென்ட் வில்லாக்களும் அபார்ட்மென்ட்களும் நிறைய வந்துவிட்டன. நடந்து திரிகிற, தானே குளித்துக்கொள்கிற பெற்றோருக்கு அவை நல்ல இடங்கள். சாப்பாடு பொது ஹாலில், சாயங்காலம் பஜனை, வாரம் ஒரு முறை டாக்டர். ஆனால் ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டாலோ மறதி நோய் முற்றிவிட்டாலோ, அவற்றில் பல இடங்கள் 'தனியாக ஆள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்' என்று சொல்லிவிடும். எண்பது வயதில் ஒருவரை இரண்டாவது முறை இடம் மாற்றுவது எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்றைய உடம்புக்கு மட்டும் இடம் பார்க்காதீர்கள், இன்னும் மூன்று வருடம் கழித்து இருக்கப்போகிற உடம்புக்கும் சேர்த்துப் பாருங்கள்.

இலவச இல்லங்கள் வேறு வகை. சென்னையில் 1978-இல் சாவித்திரி வைத்தி தொடங்கிய விச்ராந்தி போன்றவை யாருமற்ற முதியோருக்காக ஏற்பட்டவை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மாவட்டத்துக்கு ஒரு இல்லம் என்று பேசுவது வசதியற்றவர்களை மனதில் வைத்துத்தான். மாதாமாதம் பணம் அனுப்பக்கூடிய நாம் அந்தக் கட்டிலைக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் ஒவ்வொரு இல்லத்துக்கும் அரசு நட்சத்திரம் போடுகிறது. இங்கிலாந்தில் ஆய்வு அறிக்கையை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். இங்கே 38 மாவட்டங்களுக்கும் சேர்த்து அப்படி ஒரு பட்டியல் கிடையாது. கூகுள் ரிவ்யூ எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பகலில் வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள். ஆகவே இரண்டு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இல்லம் பதிவான சான்று. மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் வைத்திருந்தால், மனநலச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவும் இருக்க வேண்டும். இரண்டு, வேலை பார்க்கிற நர்ஸ்களின் நர்சிங் கவுன்சில் பதிவு எண்கள். வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரும் நர்ஸ் இல்லை. நிறைய இடங்களில் 'சிஸ்டர்' என்று கூப்பிடப்படுகிறவர் சில மாதப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளர். அவர் அன்பாகப் பார்த்துக்கொள்ளலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் இன்சுலின் போடுவதும், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊட்டுவதும், யூரின் டியூப் மாற்றுவதும் படித்த நர்ஸ் பார்க்க வேண்டிய வேலை.

ஊருக்கு ஊர் நிலைமை வேறு. சென்னையிலும் புறநகரிலும், கோவையிலும் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. மதுரை, திருச்சியில் கொஞ்சம். சின்ன ஊர்ப்பக்கம் போகப் போக, நடக்க முடியாதவர்களை எடுத்துக்கொள்கிற இடம் குறைந்துகொண்டே வரும். மறதி நோய்க்கென்றே பழகிய ஆட்கள் உள்ள இடம் இன்னும் அரிது. அதற்குச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா (மறதி நோய்) பிரிவில் ஒரு முறை காட்டிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தேடத் தொடங்குவது நல்லது. நல்ல இடங்களில் கட்டில் உடனே கிடைக்காது என்பதால், டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து பெயரைப் பதிந்து வையுங்கள்.

லீவின் முதல் வாரத்தை டாக்டருக்குக் கொடுங்கள். முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவை இந்தியாவில் முதலில் தொடங்கியதே 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைதான், டாக்டர் வ.செ. நடராஜன் காலத்தில். இப்போது கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது, 2024 பிப்ரவரியில் திறந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் முதியோர் பிரிவு உண்டு. இப்படி ஓர் இடத்தில் அப்பாவை உட்காரவைத்து, நடை, ஞாபகம், விழுங்கும் திறன், மூத்திரக் கட்டுப்பாடு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து எழுதி வாங்குங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் இல்லத்துக்காரர்கள் பேசுகிற தோரணையே மாறும். 'பார்த்துக்கலாம் சார்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

இனி, இல்லத்தைப் போய்ப் பார்ப்பது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் சென்னைக்கு வெளியே ஒரு இல்லத்தைப் பார்த்தேன். பளபளக்கும் தரை, துளசி மாடம், வாசகசாலை, வாசலில் சந்தனம். அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்கு மனசு வந்துவிட்டது. அன்று ராத்திரி எட்டரை மணிக்கு, மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரும்பப் போனேன். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. மாடியில் பதினேழு பேருக்கு ஒரே ஒரு பெண். கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி இருந்தது. ஆனால் நான்கு கட்டில்களில் அதன் வயரைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஒரு பெரியவர் 'தண்ணி, தண்ணி' என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அடுத்த அறையில் ஒரு அம்மாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை அங்கே தனியாக விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியில் அப்பா போன இடம் முன்பக்கம் ஷீட் போட்ட பழைய வீடு. அங்கேயும் ராத்திரி போனேன். ஒரு நடுத்தர வயது அம்மா, கையில் சின்ன டார்ச்சோடு, ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார். 'தாத்தா, இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா, ரெண்டு மணி நேரமாச்சு' என்று சொல்லி, முதுகுக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைத்துவிட்டு, கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நேரம் எழுதினார். அந்த அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். முந்தின நாள் நள்ளிரவும், விடிகாலை நாலு மணியும் வெவ்வேறு பேனாவில், வெவ்வேறு கையெழுத்தில் இருந்தன. ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பிய அட்டையைப் பார்த்தால், அது சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒரு முறை பகலில் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை சொல்லாமல், இரவு எட்டு மணிக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். எந்நேரமும் வரலாம் என்று சொல்கிற இடத்துக்கு ஒளிப்பதற்கு அதிகம் இருக்காது. ராத்திரி ஷிப்டில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் நர்ஸ் எத்தனை பேர் என்பதை எண்ணிக்கையாகக் கேட்டு வாங்குங்கள். மூக்கையும் நம்புங்கள்: காலையில் கொஞ்சம் மூத்திர வாடை எங்கும் இருக்கும், பதினோரு மணிக்கும் இருந்தால் யாரும் மாற்றவில்லை. பினாயில் நெடி மூக்கைத் துளைத்தாலும் யோசியுங்கள். அங்கே இருக்கும் பெரியவர்களின் நகங்களைப் பாருங்கள், உதடு காய்ந்திருக்கிறதா பாருங்கள், தண்ணீர் டம்ளர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். பகலில் எல்லோரும் தூங்கி வழிந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். கையைக் கட்டிலோடு கட்டியிருப்பதைக் கண்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது, அது இங்கே வந்ததா, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்ததா? 'எங்களிடம் யாருக்குமே வந்ததில்லை' என்கிற பதிலைவிட, 'இரண்டு பேருக்கு இருக்கிறது, இப்படி டிரெஸ்ஸிங் செய்கிறோம்' என்கிற பதிலை நான் அதிகம் நம்புவேன்.

மொழி ஒரு பெரிய விஷயம், நாம் அதை நினைப்பதே இல்லை. இன்று பல இல்லங்களில் உதவியாளர்கள் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள். நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் காது மந்தமாகி, ஞாபகமும் தடுமாறுகிற ஒரு பாட்டி 'அடிவயிறு இழுத்துப் பிடிக்குது' என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒரு தமிழ் ஆள் அந்த ஷிப்டில் இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் தமிழ் பேசுகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள்.

மழையையும் கேளுங்கள். 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியதைப் பார்த்தோம். தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும், படுத்திருப்பவர்கள் எந்த மாடியில், ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, ஆக்சிஜன் மெஷின் எத்தனை மணி நேரம் தாங்கும்? அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, ராத்திரியில் எத்தனை நிமிடம்? அந்த வழியை நீங்களே ஒரு முறை காரில் போய்ப் பாருங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மாதக் கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், பிசியோதெரபி, மூக்குக் குழாய்ச் சாப்பாடு, தனி ஆள், ஆம்புலன்ஸ் ஆகியவைதான் பின்னால் பில்லை ஏற்றும். அட்வான்ஸ் எப்போது, எத்தனை நாளில் திரும்பும், இறந்துவிட்டால் என்ன கணக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வீட்டையோ நிலத்தையோ எழுதிக்கொடுத்தால் ஆயுளுக்கும் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் கையெழுத்தே போடாதீர்கள். இன்னொன்று: நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், இல்லத்துக்கு நன்கொடை கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். அந்தச் சட்டத்தில் பதிவு செய்யாத டிரஸ்ட் உங்கள் நன்கொடையை வாங்கக் கூடாது. சேவைக்கான கட்டணம் அந்தக் கணக்கில் வராது. எனவே கட்டணத்தைக் கட்டணமாகவே ரசீதோடு கட்டுங்கள், 'டொனேஷன்' என்று எழுத விடாதீர்கள்.

இடம் முடிவானதும் உடனே நிரந்தரமாக விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். இரண்டாவது வாரத்திலேயே பத்து நாள் தங்கவையுங்கள், நீங்கள் ஊரில் இருக்கும்போதே. தினமும் வெவ்வேறு நேரத்தில் போங்கள். முதல் மூன்று நாள் அழுகையும் கோபமும் இருக்கும், 'என்னை அநாதையா விட்டுட்டீங்க' என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும், வேறு வழியில்லை. ஐந்தாம் நாளுக்கு மேல் அவர்கள் எதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் நல்ல அறிகுறி. கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்றால் மூட்டையைக் கட்டுங்கள்.

சரியான இடம் கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஏஜென்சி அனுப்புகிற ஆளின் ஆதார் நகலும், அவர் லீவு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்ற உறுதியும் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு ஏதாவது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மனு கொடுக்க வேண்டியது கோட்டாட்சியர் அலுவலகத்தில்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இல்லத்து மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு கடினமான பேச்சைப் பேசிவிடுங்கள். உயிர் போகிற கட்டம் வந்தால் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோக வேண்டுமா, அங்கேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா? அம்மாவால் சொல்ல முடிந்தால் அம்மாவே சொல்லட்டும். இரவில் இறந்தால் சான்று எழுதித் தர எந்த டாக்டர் வருவார்? நீங்கள் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும், அதுவரை ஃப்ரீசர் பாக்ஸ் இல்லத்திலேயே வைக்க விடுவார்களா, இல்லை யார் வீட்டுக்கு? சில இடங்கள் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று ஒரு மணி நேரம்கூட வைக்க விடுவதில்லை. உள்ளூரில் இருக்கிற சித்தப்பா மகனோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ, முடிவெடுக்க உரிமை உள்ள ஒருவர் பெயரையும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா கட்டிலுக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வாருங்கள். அவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.