நெல்லைப் பக்கம் சபை வீடுகளுக்குக் காரில் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடுமுறையில் காரை எடுத்தால் பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர், இடையன்குடி என்று பழைய கிறிஸ்தவ சபைக் குடும்பங்களையும் கல்லூரி நண்பர்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வரைபடத்தில் ஊர்கள் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. வீடுகள்தான் அப்படி இல்லை.

ஒரு வீட்டுக்குள் போனால் இரண்டு மணி நேரம் ஆகாமல் வெளியே வர முடியாது. காபி, முறுக்கு, கல்யாண ஆல்பம், அப்புறம் "சாப்பிடாம எப்படிப் போவீங்க?" நாளுக்கு ஐந்து வீடு என்று திட்டம் போட்டால், நான்காவது வீட்டு அக்கா கோழிக்குழம்பை மூன்றாம் முறையாகச் சூடாக்கிக்கொண்டிருப்பார். மதியம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு போதும்.

"சும்மா தலையைக் காட்டிட்டுப் போறோம், ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்வதும் வேண்டாம். இதைக் கேட்டு அடுப்பை அணைத்த வீடு கிடையாது. எத்தனை பேர், எந்த வேளை, யாருக்குச் சர்க்கரை, யார் கறி தொட மாட்டார்கள் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் சில வீடுகளில் கறி சமைப்பதில்லை. ஞாயிறு காலையில் போய்ப் பூட்டிய கதவைத் தட்டுவதைவிட, அவர்களோடு கோயிலுக்கே (சர்ச்சுக்கே) போய்விடலாம். மெஞ்ஞானபுரமாக இருந்தால் 192 அடிக் கோபுரத்தையும் பார்த்த மாதிரி ஆகும்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று பெரியவர் சொல்வார். அதற்கும் நேரம் வைத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஜெபக் குறிப்பு, அதாவது 'இதற்காக ஜெபியுங்கள்' என்று சொல்லும் விஷயத்தில் நடக்கிறது. ஒரு வீட்டு அம்மா, மகனின் குடிப்பழக்கத்தையோ மகளின் பிரிவையோ சொல்லி அழுதிருப்பார். அடுத்த வீட்டில் "அந்தக் குடும்பத்துக்காக விசேஷமா ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பிப்போம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் இவர்கள் எல்லாரும் ஒன்றுக்கொன்று சம்பந்தி வீடு. நீங்கள் மதுரையைத் தாண்டுவதற்குள் செய்தி அந்த அம்மாவிடமே திரும்பி வந்துவிடும். எந்த வீட்டில் கேட்டதையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். யாராவது துருவிக் கேட்டால், "நல்லா இருக்காங்க, உங்களை விசாரிச்சாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திருமண்டலத் தேர்தலில் (சபைகளின் நிர்வாகத் தேர்தலில்) யார் எந்த அணி என்றும் கேட்காதீர்கள். பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிவிட்ட நண்பரிடம் "ஏன் போனீங்க?" என்று விவாதம் தொடங்குவதும் அதே வகை.

பலகாரம் வாங்குவது சின்ன விஷயம்தான், ஆனாலும் முதலூர்க்காரருக்கே அவர் ஊருக்குப் பேர்போன மஸ்கோத் அல்வாவை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வழியில் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் எடுத்துக்கொண்டால் எல்லா வீட்டுக்கும் சரியாக இருக்கும்.

வாடகைக் கார் என்றால், ஆள் கணக்குச் சொல்லும்போது ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் அவருக்கு மின்விசிறியோடு படுக்க ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். காருக்குள் கொசுக்கடியில் விழித்துக் கிடந்தவரை நம்பி மறுநாள் நான்குவழிச் சாலையில் ஏற முடியாது.