சுண்டெலி எச்எஸ்பி70: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு மாணவி, புரத அளவை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையின் தட்டை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். எச்எஸ்பி70 புரதம் சேர்த்த செல்களின் குழிகள் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். "மேடம், மேக்ரோபேஜ்கள் டிஎன்எஃப் சுரந்திருக்கின்றன!" மேக்ரோபேஜ் நோயெதிர்ப்புச் செல், டிஎன்எஃப் அது சுரக்கும் அழற்சிப் புரதம். அந்த மஞ்சளை நம்பி நான் எட்டு மாதம் இழந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அடிக்கடி உறையவைத்து உருக்காதீர்கள் என்பதெல்லாம் குப்பியோடு வரும் தாளிலேயே இருக்கிறது.

எண்டோடாக்சினை அளக்காமல் செல்லில் சேர்ப்பது

எச்எஸ்பி70, மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் துணைப்புரதம். சுண்டெலி மரபணுவைப் பெரும்பாலும் ஈ.கோலையில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எல்பிஎஸ் என்ற எண்டோடாக்சின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. புரதத்தை மட்டும் காட்டும் கூமாசி சாயமிட்ட ஜெல்லில் அது தெரியாது. 70 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டை அழகாக நிற்கும். நான் வாங்கிய குப்பியின் சான்றிதழில் தூய்மை 95% என்று இருந்தது, எண்டோடாக்சின் அளவு இல்லை. நானும் கேட்கவில்லை. மேக்ரோபேஜைக் கிளப்பிவிட மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் எல்பிஎஸ் தாராளம்.

இது புதிய செய்தியும் அல்ல. மனித எச்எஸ்பி70-இல் காணப்பட்ட டிஎன்எஃப் சுரப்புக்குக் காரணம் கலந்திருந்த எல்பிஎஸ்தான் என்று காவோ, சான் இருவரும் 2003-லேயே காட்டிவிட்டார்கள். இன்றும் அளக்காமல் ஊற்றுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கொதிக்கவைத்தால் விளைவு போய்விட்டது, ஆகவே புரதம்தான் காரணம் என்று நானும் வாதாடினேன். குறைந்த அளவிலுள்ள எல்பிஎஸ்ஸும் கொதித்தால் வீரியம் இழக்கும் என்பது அதே ஆய்வில் இருக்கிறது. டிஎல்ஆர்4 என்ற ஏற்பி இல்லாத செல்லில் விளைவு இல்லை என்பதும் சான்றாகாது. எல்பிஎஸ் நுழையும் வாசலே அதுதான்.

குப்பியைத் திறந்ததும், எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். புரதத்தில் எவ்வளவு எல்பிஎஸ் இருக்கிறதோ அதே அளவைத் தனியாக ஒரு குழியில் சேர்த்து ஒப்பிடுங்கள். எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின் பி-யோடு சோதனையைத் திரும்பச் செய்யுமாறு மாணவியிடம் சொன்னேன். நேற்று தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதே புரதம், அதே அளவு. குழிகள் வெளிறிக் கிடந்தன.

டிஎன்ஏகே

ஈ.கோலையின் சொந்த எச்எஸ்பி70. இதுவும் எல்பிஎஸ் போலக் கூடவே வரலாம். எடையும் ஏறக்குறைய அதே என்பதால் உங்கள் பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும்.

தாங்கல் கரைசலில் இடிடிஏ

வேண்டாம். அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டால் எச்எஸ்பி70 இயங்கத் தேவையான ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் வேலை நடக்காது.