ஒரே ஆளாகப் பல வாத்தியம் வாசிப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பிக் கச்சேரி; நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. பாடுகிற அம்மாவுக்குச் சுருதி ஐந்து கட்டை. எனக்கோ அப்போது ஒரு கட்டையில் மட்டும்தான் விரல் ஓடும். அதனால் என்ன, கீபோர்டில்தான் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே! ஐந்து படி இறக்கி வைத்துவிட்டு ஜோராக வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஜெனரேட்டர் நின்றது. மறுபடி கரண்ட் வந்தபோது கீபோர்டு பழையபடி ஒரு கட்டைக்கே திரும்பியிருந்தது, நான் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டின் முதல் வரியிலேயே பக்கத்தில் இருந்த பெரியவர் புல்லாங்குழலை மடியில் வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, பொட்டி எந்தூருக்குப் போயிருச்சு?" என்றார்.

சுருதியைப் பட்டனிடம் ஒப்படைப்பதை நான் முதல் தவறாகச் சொல்வது இதனால்தான். ஒரு கட்டை என்றால் மேற்கத்திய முறையில் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, ஐந்து ஜி. நாதஸ்வரக்காரர் கட்டையில் பேசுவார், கிட்டார்காரர் சி, டி என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு இரண்டு பேச்சும் தூக்கத்தில் கேட்டாலும் புரிய வேண்டும். எனக்குக் கைகொடுத்த வழி: ஒரே பாட்டைத் தினம் ஒரு சுருதியில் வாசிப்பது. சுருதி பன்னிரண்டு என்பதால் பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று முடியும். முதல் சுற்று கொடுமையாக இருக்கும்.

அடுத்தது விசிட்டிங் கார்டு. கீபோர்டு, கிட்டார், குழல், தபேலா, வயலின் என்று வரிசையாக அச்சடித்துக் கொடுப்போம். ஆனால் குழு நடத்துகிறவர் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போடுவது "நாளைக்குக் கிட்டாருக்கு ஆள் இல்லை" என்றுதான். கிட்டார் என்றதும் அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் வர வேண்டும். இளையராஜாகூட 1976-ல் முதல் படம் வருவதற்கு முன் அடுத்தவர் இசைக்குக் கிட்டார் வாசித்தவர், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். ஒன்றை நம்பி அழைக்கட்டும், மீதியை ஒத்திகையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வாத்தியத்தைக் கடனில் வாங்கிவிட்டு வாத்தியாரைத் தேடுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லார் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லை என்பதும் சாக்குதான். கோவையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது.

ஊர் வாத்தியத்தை மதிக்காமல் விட்டதுதான் என் பெரிய நஷ்டம். கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதை பாடுகிறவர் கையில் உடுக்கையைப் பார்த்திருப்பீர்கள். இடையில் ஓடும் கயிற்றை அவர் இறுக்கும்போது சத்தம் மேலே ஏறும், விட்டால் இறங்கும். வசனம் அழுகைக்குத் திரும்பும்போது உடுக்கையும் கூடவே விம்மும். மேற்கத்திய இசையில் எட்டு கிரேடு பரீட்சை எழுதுகிறவர்கள் அந்தக் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ராத்திரி பார்க்கலாம். பம்பை மேளத்துக்கும் இதையே சொல்வேன். கீபோர்டுக்குள் இருக்கும் உடுக்கைச் சத்தத்தை அமுக்கினால் தாளம் வரும், அந்த இழுப்பு வராது.

அப்புறம் காது. ஜமாப் என்ற மேளச் செட் நடுவிலோ ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலோ மணிக்கணக்கில் நிற்கிறோம். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தும் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். நல்ல இயர்பிளக் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத் தாள். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டிப் பங்கு உண்டு. அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் இசை யாருடையது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டுமே! ஒரு அம்மன் பாட்டு ஆல்பத்துக்கு மெட்டுப் போட்டு, ஐந்து வாத்தியத்தையும் நானே வாசித்து, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் பெயர் எங்குமே இல்லை. இப்போது நோம்பி சாட்டினால் விடிகாலை ஐந்து மணிக்கு அந்தப் பாட்டுத்தான் எங்கள் ஊர்க் குழாய் ஸ்பீக்கரில் என்னை எழுப்புகிறது.