ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் கிறிஸ்துமஸ் சந்தை: போய்வரும் வழி

நவம்பர் பிறந்தால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்த நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "நூரன்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்கு எந்த ரயில்?" என்பதுதான். புகழ்பெற்ற சந்தை, 1628-லிருந்தே அதற்குச் சான்று இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் உள்ளூர் ரயிலில் போக மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே அளவு. போய்ச் சேர்ந்தால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். முதல் வருஷத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை: நூரன்பர்க்கை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எஸ்லிங்கன், லுட்விக்ஸ்புர்க், ட்யூபிங்கன் என்று அருமையான சந்தைகள் இருக்கின்றன. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்குள் வீடு திரும்பலாம். அப்படிப் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: தேதியைச் சரிபார்ப்பது

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஏமாறுகிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் 25-ம் தேதி, அதற்குப் பிறகு புத்தாண்டு வரை கொண்டாட்டம். அலுவலக விடுமுறையும் அப்போதுதான் கிடைக்கிறது. அதனால் 26, 27 தேதிகளில் சந்தைக்குப் போகலாம் என்று திட்டம் போடுகிறார்கள். போனால் கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், அல்லது சதுக்கமே காலியாக இருக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான சந்தைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களுக்கானவை. இந்தப் பகுதியில் 21, 22, 23 தேதிகளிலேயே மூடிவிடுவார்கள். 24-ம் தேதி பிற்பகலிலிருந்து ஊரே அடங்கிவிடும்.

தொடக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வென்ட் ஞாயிறுகள். முதல் அட்வென்டுக்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைவுகூரும் நாள், ஜெர்மன் மொழியில் டோட்டன்சொன்டாக். பெரும்பாலான சந்தைகள் அந்த ஞாயிறு கழிந்த பிறகே திறக்கும். 2026-ல் முதல் அட்வென்ட் நவம்பர் 29, டோட்டன்சொன்டாக் நவம்பர் 22. ஆக, 23-ம் தேதி தொடங்கும் வாரத்திலிருந்து எதிர்பார்க்கலாம். 2023-ல் நடந்ததுபோல டிசம்பர் 24-ம் தேதியே நான்காம் அட்வென்டாக அமையும் வருஷத்தில் காலம் இன்னும் சுருங்கிவிடும்.

தேதிக்கு அந்தந்த ஊரின் நகராட்சித் தளத்தை மட்டும் நம்புங்கள். "ஜெர்மனியின் சிறந்த 50 சந்தைகள்" வகைப் பட்டியல்களில் போன வருஷத் தேதியே கிடக்கும். ட்யூபிங்கனை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் சந்தை மூன்றாம் அட்வென்ட் வார இறுதியில் மட்டும்தான், மூன்றே நாள். டிசம்பர் தொடக்கத்தில் அதே ஊரில் ஷோகோலார்ட் என்ற சாக்லேட் திருவிழா நடக்கும். அது வேறு, இது வேறு. இரண்டில் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஊர். மதியம் லுட்விக்ஸ்புர்க், மாலை எஸ்லிங்கன் என்று இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் நான் சொல்வது எஸ்லிங்கன். ஸ்டுட்கார்ட் மத்திய நிலையத்திலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் எஸ்1 தடம், கால் மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் சந்தை வந்துவிடும். அங்கே வழக்கமான கிறிஸ்துமஸ் சந்தையோடு இடைக்கால ஐரோப்பாவின் பாணியில் ஒரு சந்தையும் சேர்ந்தே நடக்கிறது. கடைக்காரர்கள் அந்தக் கால உடையில் நிற்பார்கள். கொல்லர் இரும்பு அடிப்பார், கூடை முடைபவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், தீப்பந்த வித்தை நடக்கும். சுற்றிலும் மரச்சட்ட வீடுகள். ஹாஃபன்மார்க்டில் உள்ள வீட்டு வரிசை 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தச் சந்தைக்கென்று யாரும் அரங்கம் அமைக்கவில்லை. நிஜமான பழைய ஊரே அதன் பின்னணி. இருட்டிய பிறகு படிகளில் ஏறிக் கோட்டைக்குப் போங்கள். கீழே சந்தை முழுவதும் ஒளியாகத் தெரியும். கால் வலிக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகள், வயதானவர்கள் உடன் வந்தால் லுட்விக்ஸ்புர்க். எஸ்4, எஸ்5 இரண்டும் போகும். சந்தைச் சதுக்கம் அகலமானது, சமதளமானது, பரோக் பாணியில் அமைந்தது. ஒரு புறம் புராட்டஸ்டண்ட் தேவாலயம், எதிரே கத்தோலிக்கத் தேவாலயம், நடுவே கடைகள். கடைகளுக்கு மேலே ஒளிரும் பிரம்மாண்டமான தேவதைச் சிறகுகளை எங்கிருந்தும் பார்க்கலாம்.

உள்ளூரான ஸ்டுட்கார்ட் சந்தைக்கு 1692-லேயே எழுத்துச் சான்று உண்டு. அங்கே போனால் கடையை மட்டும் பார்க்காமல் கூரையையும் பாருங்கள். பொம்மைகள், கிளைகள், குடில் காட்சிகள் என்று கூரைகளை அலங்கரிப்பதில் கடைக்காரர்களுக்குள் போட்டியே நடக்கிறது. அலுவலகம் முடிந்து போக ஏற்ற சந்தை இது.

உல்ம் கொஞ்சம் தூரம், உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் 161.53 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரத்தின் அடியிலேயே சந்தை நடக்கிறது. உயிருள்ள ஆடுகளோடு குடில் வைத்திருப்பார்கள். கோபுரத்தில் 768 படிகள். ஏற நினைத்தால், குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்பதை மனத்தில் வையுங்கள்.

டிக்கெட்

நாடு முழுவதும் உள்ளூர்ப் போக்குவரத்தில் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். 2026 ஜனவரியிலிருந்து அதன் விலை மாதம் 63 யூரோ. ஐசி, ஐசிஇ என்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. தேடும்போது ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் உள்ளூர் ரயில்கள் மட்டும் தெரியும்படி வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உல்முக்கு முதலில் ஐசிஇ-தான் வந்து நிற்கும். வேறு செயலிகள் பல இருந்தாலும் ரத்தான ரயில், மாறிய நடைமேடை இரண்டையும் இதில் பார்ப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது.

டிசம்பருக்காக மட்டும் அந்த டிக்கெட்டை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது சந்தா. தானாகவே அடுத்த மாதத்துக்கும் நீளும். டிசம்பரோடு முடிக்க வேண்டுமென்றால் டிசம்பர் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தாக வேண்டும். சந்தைக்குப் போய்வந்த சந்தோஷத்தில் 15-ம் தேதி ஞாபகம் வந்தால் ஜனவரிக்கும் பணம் போய்விடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தச் சந்தா தேவையில்லை. எஸ்லிங்கன், லுட்விக்ஸ்புர்க் இரண்டுக்கும் ஸ்டுட்கார்ட் வட்டாரப் போக்குவரத்து அமைப்பான விவிஎஸ்ஸின் குழு நாள் டிக்கெட் எடுங்கள், ஐந்து பேர் வரை போகலாம். உல்ம்போல அந்த வட்டாரத்தைத் தாண்டினால், மாநிலம் முழுவதற்குமான நாள் டிக்கெட்டான பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் டிக்கெட். அதிலும் ஐந்து பேர் வரை சேரலாம், ஆள் கூடக் கூட விலை கொஞ்சம் கூடும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை இருக்கும். டிக்கெட்டில் பெயர் எழுத மறக்காதீர்கள். ஆறு வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம்.

எத்தனை மணிக்குப் போவது

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. மாலை 3 மணிக்கு சந்தையில் இருங்கள். டிசம்பர் நடுவில் இங்கே நாலரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். 3 மணிக்குப் போனால் வெளிச்சத்தில் நிதானமாகக் கடை பார்க்கலாம், பொருளின் உண்மையான நிறம் தெரியும், கடைக்காரரும் பேச நேரம் ஒதுக்குவார். பிறகு விளக்குகள் ஏறும் நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே நடுவில் இருப்பீர்கள். 6 மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்து சேரும்போது உங்கள் சாப்பாடு முடிந்திருக்கும். சனிக்கிழமை மாலை எஸ்லிங்கனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தோடு நகரலாம், நின்று எதையும் பார்க்க முடியாது.

உடுப்பு

கனமான கோட்டைவிடக் காலணிக்குத்தான் செலவு செய்யச் சொல்வேன். மூன்று மணி நேரம் கல் பாவிய தரையில் நிற்கும்போது குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ், உள்ளே பாதத்துக்கு அடியில் கம்பளி விரிப்பு, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. இரண்டு பருத்திக் காலுறை போட்டால் கால் இறுகி இன்னும் சில்லிடும். தொப்பி, கையுறை சொல்லாமலே தெரியும்.

கோப்பையும் சாப்பாடும்

க்ளூவைன் என்பது மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின். லவங்கம், பட்டை, ஆரஞ்சுத் தோல் வாசனையோடு வரும். மது வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் கேளுங்கள். சூடான பழச்சாறு, பெரியவர்களும் தாராளமாக வாங்குகிறார்கள். பலகையில் "மிட் ஷுஸ்" என்று இருந்தால் அதில் ரம் போன்றது கூடுதலாக ஊற்றப்படும். தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

விலையோடு ஒரு முன்பணமும் சேர்த்து வாங்குவார்கள். அது கோப்பைக்கான ப்ஃபான்ட். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். வேண்டுமானால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகலாம், அது தவறில்லை. சில கடைகளில் கோப்பையோடு ஒரு சிறு வில்லையும் தருவார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பணம், அதனால் வில்லையைச் சட்டைப் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஒரு கடையின் கோப்பையைப் பக்கத்துக் கடையில் வாங்காமல் போகலாம். எங்கே வாங்கினீர்களோ அங்கேயே குடித்து முடித்துவிடுவது நல்லது.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கார்டோஃபல்புஃபர் என்ற உருளைக்கிழங்கு அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். பூண்டுக் குழம்போடு வதக்கிய காளான். லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி, வாஃபிள், சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம். கேசஷ்பெட்ஸ்ல என்பது இந்தப் பகுதிக்கே உரிய பாலாடைக்கட்டி நூடுல்ஸ், கட்டாயம் சாப்பிடுங்கள், மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் இருக்க வேண்டும். ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய சுட்ட ரொட்டி, ஷுப்ஃப்நூடல்ன் என்ற உருளைக்கிழங்கு மாவு உருட்டல் இரண்டிலும் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பது வழக்கம். "ஓன ஷ்பெக், பிட்ட" (பன்றி இறைச்சி இல்லாமல், தயவுசெய்து) என்று சொல்லுங்கள். ஷுப்ஃப்நூடல்ன் பெரிய வாணலியில் ஏற்கெனவே கலந்து கிடந்தால் நகர்ந்துவிடுங்கள், அதிலிருந்து பொறுக்கித் தர மாட்டார்கள். தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றி இறைச்சிதான்.

கையில் சில்லறை இருக்கட்டும். அட்டை வாங்காத கடைகள் இன்னும் உண்டு, கழிப்பறைக்கும் நாணயம்தான்.

வாங்குவது

இரண்டு பொருள்களைத் தயங்காமல் சொல்வேன். ஒன்று, எர்ட்ஸ்கெபிர்க மலைப்பகுதியின் மரப்பொம்மை. வாயிலிருந்து புகை விடும் குட்டி மனிதன். உள்ளே வைக்கும் கூம்பைப் பார்த்ததும் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சாம்பிராணிதான் ஞாபகத்துக்கு வரும், வாசனையும் அதற்குப் பக்கத்தில்தான். விலை அதிகம். மலிவாகக் கிடைத்தால் அது வேறெங்கோ தயாரானது, அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்ற விளக்கு. 25 முனைகள், அவற்றில் 17 முனைகளின் அடிப்பாகம் சதுரம், 8 முனைகளின் அடிப்பாகம் முக்கோணம். முனைகளைப் பிரித்து அடுக்கிய பெட்டியாகவே கிடைக்கும். ஊருக்குக் கொண்டுபோய் வாசலில் தொங்கவிட நினைப்பவர்களுக்கு அது பெரிய வசதி. வெளியில் தொங்கவிட பிளாஸ்டிக் வகைதான், காகித வகை உள்ளே மட்டும்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

குழந்தைத் தள்ளுவண்டி கொண்டுபோகலாமா என்று பலர் கேட்டார்கள். லுட்விக்ஸ்புர்க்கில் வார நாளில் சரி. எஸ்லிங்கனில் கல் பாவிய சந்துகளும் கூட்டமும் சேர்ந்து பாடாய்ப்படுத்தும், மார்போடு கட்டும் பைதான் நல்லது. கிளம்பும் முன் நிலையத்தின் மின்தூக்கி வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெற்றோருக்குக் குளிர் தாங்காது என்பவர்களுக்கு: தொடர்ந்து வெளியே நிற்க வைக்காதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது தேவாலயத்துக்குள் அழைத்துப் போங்கள், அல்லது ஒரு காபிக் கடையில் உட்கார வையுங்கள். உல்மில் சந்தையை ஒட்டியே தேவாலயம் இருக்கிறது.

ஸ்ட்ராஸ்பூர்க் பற்றியும் கேட்கிறார்கள். அது பிரான்ஸ். டாய்ச்லாண்ட் டிக்கெட் எல்லையில் உள்ள கேல் வரைக்கும்தான். அங்கிருந்து ரைன் ஆற்றைக் கடக்கும் ட்ராம் டி வழித்தடத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். வந்திருக்கும் பெற்றோரின் ஷெங்கன் விசா அங்கும் செல்லும். ஆனால் உள்ளூர் ரயிலில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்வருவது களைப்பான வேலை. ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். சந்தை நடக்கும் வார இறுதியில் அறை வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.